மலைப்பாதையில் பைக் ஓட்டம்: எந்தக் கமரா, எங்கே மாட்டுவது?

கேள்வி: இலங்கை மலைநாட்டில் தலவாக்கலையில் இருக்கிறேன், 125 சிசி பைக். ஞாயிறுகளில் இறம்பொடைப் பக்கம் போய்வருவதைப் படமெடுக்கவும், வளைவுகளில் என் ஓட்டம் எங்கே பிழைக்கிறது என்று பார்க்கவும் ஆசை. போனையே ஹாண்டிலில் மாட்டினால் போதாதா? கடையில் விலை கூடிய புது மொடலைத்தான் காட்டுகிறார்கள்.

பதில்: போன் வேண்டாம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு ஹாண்டில் வழியே நேராகப் போனுக்குள் ஏறும். படம் ஆடாமல் லென்ஸைத் தாங்கும் நுண்ணிய பொறி அதில் கெடலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. கெட்டால், பிறகு வீட்டில் எடுக்கும் படமும் தெளிவாக வராது.

புது மொடலும் தேவையில்லை. உடலிலோ ஹெல்மட்டிலோ மாட்டும் சிறிய ஆக்ஷன் கமராதான் வேண்டும்; கோப்ரோ, டிஜேஐ என எந்த நிறுவனத்தினதானாலும் இரண்டு மொடல் பழையது போதும். மிச்சக் காசில் முழுமுக ஹெல்மட்டின் நாடியில் ஒட்டும் மவுண்ட், நல்ல மெமரி கார்ட், மேலதிக பட்டரி ஒன்று வாங்குங்கள். ஹெல்மட் உச்சியில் மாட்டினால் காற்று தலையைப் பின்னுக்கு இழுக்கும், கையும் ஹாண்டிலும் படத்தில் விழாது. ஒட்டுமுன் அந்த இடத்தை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். நம் ஊர்க் குளிரில் பசை சரியாகப் பிடிக்காது. அறைக்குள் வைத்து ஒட்டி, 24 மணிநேரம் தொடாமல் விடுங்கள். ஹெல்மட்டில் ஓட்டை மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: கார்ட் எதுவானாலும் சரிதானே?

பதில்: இல்லை. வி30 (V30, வீடியோவை விடாமல் எழுதும் வேகத்தைக் காட்டும் குறி) என்று அச்சிட்டதாகப் பாருங்கள். 4கே, விநாடிக்கு 60 மெகாபிட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 27 ஜிபி போகும். 64 ஜிபி இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடத் தாங்கும். மலிவாகக் கிடைக்கும் 256 ஜிபி கார்ட்டுகளில் போலி நிறைய. உள்ளே 32 ஜிபி மட்டுமே இருக்கலாம், அது நிரம்பியதும் பதிவு சிதையும். வாங்கிய அன்றே கணினியில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுதும் நிரப்பிப் பாருங்கள். கமராவின் தொடர் இலக்கத்தையும், வாரண்டி தருவது கடையா முகவரா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. பில் இல்லாமல் பேசிப் பயனில்லை.

கேள்வி: எடுத்த வீடியோவில் எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் கமராவில் அடிவானத்தை மட்டமாகக் காட்டும் வசதியை நிறுத்துங்கள், நடுக்கம் குறைக்கும் வசதியையும் நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். பார்க்க அழகாக இருக்கும்தான்; ஆனால் பைக் எவ்வளவு சாய்ந்தது, தலை எப்போது திரும்பியது என்பதை அவை மறைத்துவிடும்.

ஒரே கொண்டை ஊசி வளைவை நாலைந்து தடவை எடுங்கள். பைக் திரும்பத் தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். நடுவில் தெரிவது வளைவு முடிந்து வெளியேறும் இடமா, முன்சில்லுக்கு முன்னால் உள்ள தாரா? தார் என்றால் தலை பிந்தித் திரும்புகிறது. பைக் வெளிப்பக்கம் ஒதுங்குவது அதனால்தான். அடுத்து வலது கையைப் பாருங்கள். திரும்பிய பிறகு விரல் முன் பிரேக்குக்குப் போனால் கூடுதல் வேகத்தில் வளைவுக்குள் போயிருக்கிறீர்கள். இறக்கத்தில் நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்து இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். மழையோடு கொழுந்து லொறி இறக்கிவிட்ட சேறும் கிடந்தால் நடுவளைவில் பிடித்த பிரேக் முன்சில்லைச் சறுக்கிவிடும்.

வலப்பக்க வளைவின் வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். டயர் வீதியின் நடு வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கமே இருக்கும். சாய்ந்த தலை மட்டும் கோட்டைத் தாண்டி எதிரே வரும் பஸ்ஸின் வழியில் நிற்கலாம். நாடிக் கமரா தலையோடு போவதால் இதை அப்படியே காட்டிவிடும். அப்படித் தெரிந்தால் இன்னும் ஒரு மீற்றர் இடப்பக்கம் தள்ளி நுழையுங்கள்.

கேள்வி: பனிமூட்டத்தில் லென்ஸ் மங்குகிறதே?

பதில்: ஜக்கெட்டின் சூட்டிலிருந்து எடுத்து உடனே குளிரில் மாட்டுவதால் வருவது. புறப்படுவதற்கு 10 நிமிடம் முன்பே வெளியே வையுங்கள். பட்டரி மூடியை ஈரக் கையால் திறக்காதீர்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.