மூளை ரத்தக்குழாய் ஆபரேஷனில் பச்சைச் சாயம் ஏற்றுகிறார்களே, எதற்கு?

உங்கள் தங்கைக்கு ஏவிஎம் (மூளையில் தமனியும் சிரையும் நேரடியாகப் பிணைந்த ரத்தக்குழாய் முடிச்சு) ஆபரேஷன், நடுவில் சாயம் ஏற்றிப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலியில் மூளை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்தச் சாயத்தைக் கரைத்துக் கொடுப்பது என் வேலை.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், மகனை உள்ளே அனுப்பும் முன் இதையே கேட்டார். அவர் வாய்க்காலை வைத்தே சொன்னேன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் மடை வழியாக வயலில் பரவி, மிச்சம் மெதுவாக வடிகாலில் இறங்கும். மூளையிலும் தமனி ரத்தம் நுண்குழாய்களில் பரவி, வேகம் தணிந்துதான் சிரைக்குப் போகும். ஏவிஎம்மில் நடுவில் வயலே கிடையாது. கால்வாய் நேராக வடிகாலில் விழுகிறது. அந்த வேகத்தை வடிகால் கரை தாங்காமல் உடைந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ வடிகாலை முதல்ல அடைச்சிரக் கூடாதுல்லா தாயி? மேல தண்ணி நிக்காம கீழ அடைச்சா கரை ஒடஞ்சிரும்லா" என்றார். இந்த ஆபரேஷனில் டாக்டர்கள் கடைப்பிடிக்கும் முறையும் அதேதான். வரத்துக் குழாய்களை அடைத்துவிட்டு, வடிகால் சிரையைக் கடைசியில்தான் வெட்டுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், நீலம் பாய்ந்து தெரிய வேண்டிய சிரையும் தமனி ரத்தம் ஏறிச் சிவப்பாகவே இருக்கும். எது வரத்து, எது வடிகால் என்று மைக்ரோஸ்கோப்பிலும் சில இடத்தில் பிரிக்க முடியாது. அங்கேதான் சாயம் கைகொடுக்கிறது. இந்தச் சாயத்தின் பெயர் ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்). கரும்பச்சைப் பொடி, 25 மில்லிகிராம் குப்பி. டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துக் கொடுத்தால் மயக்க டாக்டர் ரத்தக்குழாயில் ஏற்றுவார். மைக்ரோஸ்கோப்பை அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றியதும் திரை இருட்டாகிவிடும். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்ப்போம். முதலில் தமனி வெள்ளையாக ஒளிரும். உடனே அந்த முடிச்சு, அதை ஒட்டியே வடிகால் சிரை. நல்ல சிரைகள் அதற்குப் பிறகு சாவகாசமாக வரும். எது முந்துகிறது என்பதை வைத்தே அடையாளம் தெரிந்துவிடும். முடிச்சை எடுத்தபின் மறுபடி ஏற்றும்போது ஒரு சிரை முந்தினாலும், எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1959லேயே அனுமதி பெற்ற மருந்து இது. தலைக்குள் தங்காது, சில நிமிடங்களில் கல்லீரல் எடுத்துப் பித்தத்தில் கழித்துவிடும். இதில் கொஞ்சம் அயோடின் உண்டு. அதனால் அயோடின் அலர்ஜியோ, முன்பு ஸ்கேன் ஊசிக்குத் தடிப்போ வந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒளி எட்டுகிற மேற்பரப்பு மட்டும்தான் திரையில் தெரியும். மூளைத் திசுவுக்கோ உறைந்த ரத்தத்துக்கோ அடியில் இருப்பது வராது. "சாயத்தில் சுத்தமாக வந்துவிட்டதே, மறுபடி ஆஞ்சியோ எதற்கு, செலவுதானே" என்று சில குடும்பங்கள் தயங்குகிறார்கள். அடியில் மறைந்திருக்கும் மிச்சத்தைப் பார்க்கத்தான் அந்த ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய் எக்ஸ்ரே. தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அண்ணாச்சி மகனுக்கும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "வடிகால்ல பாஞ்ச தண்ணி நின்னுட்டுல்லா?"

நின்றுவிட்டது என்றேன்.