புல்லட்டும் வேண்டாம், ஸ்கூட்டியும் வேண்டாம்

கேள்வி: நான் ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். வயது 29. வீடு போளூரில். பஸ் நேரமும் என் டியூட்டி நேரமும் ஒத்துவருவதே இல்லை. அதனால் வண்டி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், மற்றபடி எந்த வண்டியையும் தொட்டதில்லை. 'வாங்குவதே ஒரு தடவை, புல்லட்டா வாங்கு' என்கிறார் கணவர். 'பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டி போதும்' என்கிறார் மாமியார். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சேமிப்பு ஒரு லட்சம் ரூபாய். எதை வாங்குவது, எப்படிக் கற்றுக்கொள்வது, எப்போது மலை ஏறலாம்?
- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, போளூர்

பதில்: சகோதரி, வண்டி, அப்புறம் பழக்கம், அப்புறம் மலை என்ற வரிசையில் கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல நாள் பார்த்து வண்டியை எடுத்து, மாலை போட்டு, வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் யார் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். முதலில் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம், அடுத்து ஹெல்மெட், மூன்றாவதாக யாருடையதாவது ஒரு பழைய வண்டியில் பழக்கம். வாங்குவது நான்காவது. ஓட்டத் தெரியாதவருக்குத் தனக்கு எது சரிப்படும் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஷோரூமில் ஏறி உட்கார்ந்தால் எல்லா வண்டியும் சௌகரியமாகத்தான் இருக்கும், அது ஸ்டாண்டில் நிற்கிறதல்லவா.

இருந்தாலும் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு ஒரு பதில் வேண்டும். கணவர் சொல்லும் வகையில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. இரண்டின் இருக்கை உயரத்துக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான். அதனால் 'எனக்குக் கால் எட்டுகிறதே' என்று உட்கார்ந்து பார்த்து ஏமாந்துவிடலாம். எட்டுவது பிரச்சினை இல்லை, எண்பது கிலோ கூடுதலாக இருப்பதுதான் பிரச்சினை. ஓடும்போது அந்த எடை தெரியாது. சரிவில் நிறுத்தும்போதும், மணலில் திருப்பும்போதும், சுகாதார நிலைய வாசலில் பின்னால் தள்ளும்போதும் தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்கள் கீழே போடுவது பெரும்பாலும் இப்படி நிற்கும் நேரத்தில், ஊர்ந்து போகும் வேகத்தில்தான். புல்லட் நல்ல வண்டிதான், முதல் வண்டியாக வேண்டாம்.

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டவுனுக்குள் வேலை என்றால் நானும் ஸ்கூட்டர் என்றே சொல்லியிருப்பேன், கியர் கிடையாது, சீக்கிரம் பழகிவிடும். ஆனால் உங்கள் பாதை மலைப்பாதை. ஸ்கூட்டரின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம், மோட்டார் சைக்கிளுக்கு 17 அல்லது 18. சின்னச் சக்கரம் குழிக்குள் இறங்கிவிடும், பெரிய சக்கரம் அதே குழியை ஓரளவு தாண்டிப் போய்விடும். இன்னொன்று, நீண்ட இறக்கத்தில் வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடிக்க வேண்டும். கியரைக் குறைத்து அந்தப் பிடியை நாமே கூட்டிக்கொள்ளும் வசதி ஸ்கூட்டரில் கிடையாது, கை பிரேக்கையே நம்பி இறங்க வேண்டியிருக்கும். எனவே கியர் வண்டி வாங்குங்கள். 100 சிசி போதும். தினமும் ஏறப் போகிறீர்கள் என்பதால் 125 சிசி கிடைத்தால் கொஞ்சம் நிம்மதி. ஷைன், சூப்பர் ஸ்ப்ளெண்டர், ரைடர் எல்லாம் ஏறக்குறைய 110 முதல் 125 கிலோவுக்குள் வரும். எந்த வண்டியானாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: உதவியில்லாமல் சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கை பலத்தால் தூக்கக் கூடாது. ஸ்டாண்டின் காலில் முழு உடம்பையும் ஏற்றி மிதித்தால் வண்டி தானாக ஏறும். அப்படியும் முடியவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்குக் கனம்.

புதியதா, செகண்ட் ஹேண்டா? முதல் வண்டி இரண்டு மூன்று தடவையாவது கீழே விழும். இண்டிகேட்டர் உடையும், லீவர் வளையும். புது வண்டியில் அது நடந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், பழகுவதற்கே பயம் வந்துவிடும். ஆகவே மூன்று நான்கு வருடம் ஓடிய வண்டி. 2020 ஏப்ரலுக்குப் பின் பதிவானதாக இருந்தால் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது, பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். மலைக் குளிரில் காலையில் சோக் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். டியூப்லெஸ் டயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், காட்டு வழியில் அது பெரிய உபகாரம்.

பார்க்கப் போகும்போது 'நான் வருவதற்குமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளம்பாத நோயை யாரோ மறைக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. தேயாத டயராக இருந்தாலும் வயதானது என்றால் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் வழுக்கும். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அது நீக்கப்பட்ட பிறகே பணம் கொடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். 'அப்புறம் மாத்திக்கலாம் மேடம்' என்று சொல்லும் தரகரிடம் வாங்காதீர்கள். மெக்கானிக் ஒருவரைக் கூடவே அழைத்துப் போவது நல்லது, அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது. சேமிப்பில் மிச்சம் நிற்கும், அதில்தான் ஹெல்மெட் வாங்க வேண்டும்.

ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் மேல் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் வேண்டும். போட்டால் கன்னத்தை அழுத்த வேண்டும். வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கம் கை வைத்து முன்னால் உருட்டித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. முழு முகம் மூடுவதையே வாங்குங்கள். சேலையில் ஓட்டுவதைத் தவிருங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவை உள்ளே சொருகி ஊக்கு குத்துங்கள். சேலைத்தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகளை உங்கள் வேலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். யூனிஃபார்மை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். காலுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ.

எல்.எல்.ஆர். எடுக்க ஆன்லைனில் விண்ணப்பித்து ஒரு தேர்வு எழுத வேண்டும். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். கியர் வண்டி என்று குறிப்பிட்டே விண்ணப்பியுங்கள். ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம் கிடைக்கும். பழகும் காலத்தில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவர் உரிமம் உள்ள, சொல்லிக்கொடுக்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். கணவர் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி சரி. குடும்ப நிம்மதிக்குச் சரியா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கத்தாமல் சொல்லித்தரும் ஒரு தோழியோ தம்பியோ இருந்தால் அவரைப் பிடியுங்கள்.

இனி பழக்கம். சைக்கிள் தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்தது, பேலன்ஸ் இருக்கிறது. மிச்சம் கிளட்ச், இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும் இடது கை லீவர். ஆளில்லாத மைதானத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் வண்டி லேசாக முன்னால் இழுக்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள், திரும்பப் பிடியுங்கள், மறுபடி விடுங்கள். இரண்டு காலும் தரையில் இருக்கட்டும். ஓட்ட வேண்டாம், அந்த இடத்தைக் கை தன்னால் கண்டுபிடிக்கும் வரை இதையே செய்யுங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு அலுப்புத் தட்டும், தட்டட்டும். முதல் நாளே தெருவைச் சுற்றி வரச் சொல்கிறவர்கள்தான், கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி குதிரை மாதிரி எகிறும்போது பயந்து ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கிவிடும் மாணவர்களை உருவாக்குகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரே மருந்து: எது நடந்தாலும் முதலில் கிளட்சைப் பிடி. கிளட்ச் பிடித்த வண்டி எவ்வளவு உறுமினாலும் இழுக்காது.

அடுத்து பிரேக். 'முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான். பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர் அவசரத்தில் அதையே ஓங்கி மிதிப்பார். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வால் வீசும், நிற்காது. முன் பிரேக் ஆளைத் தள்ளுவது இரண்டு சமயத்தில்: வெடுக்கென்று பிடித்தால், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால். நேராகப் போகும்போது, எலுமிச்சம்பழம் பிழிவதைப் போல மெல்ல ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டினால் ஒன்றும் ஆகாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நாள்தோறும் நிறுத்திப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் பின் பிரேக்கை மிதித்தால் முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு இருக்கும். அது உதவிக்குத்தான், முன் பிரேக் லீவருக்கு மாற்றாகாது. கணக்கும் ஒன்று மனதில் இருக்கட்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். ஆட்டைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் முடிந்துவிடும். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்கு.

ஓட்டுநர் தேர்வில் எட்டு போடுவதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். தரையைப் பார்ப்பதால்தான் கால் ஊன்ற வேண்டி வருகிறது. முகத்தைத் திருப்பி, வளைவின் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்கு வண்டி வரும். அரை கிளட்ச், லேசாகப் பின் பிரேக், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வையுங்கள், முன் பிரேக்கை இங்கே மட்டும் மறந்துவிடுங்கள். இரண்டு கல் வைத்து வீட்டுப் பக்கத்திலேயே பழகலாம்.

மலைக்கு வருவோம். உரிமம் கைக்கு வந்து, போளூர் கடைத்தெருவில் பதற்றமில்லாமல் ஓட்ட முடிந்த பிறகுதான் அந்தப் பேச்சு. அதற்குமுன் கீழேயே ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்: ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. ஏரிக்கரையில் ஏறும் சரிவு போதும். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்சை இழுக்கும் இடம் வரை விட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் போகத் துடிப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள். பின்னால் ஓர் அங்குலம்கூட உருளக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நிற்க வேண்டி வந்தால் இதுதான் காப்பாற்றும். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிறவருக்கே முன்னுரிமை, இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்பது விதி. எல்லா டிரைவரும் கடைப்பிடிப்பார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் உருட்டுவார்கள், இன்ஜினையே அணைத்துவிடுவதும் உண்டு. அவர்களோடு போட்டி போடாதீர்கள். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும் போதும். பிரேக்கையே தேய்த்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். வளைவுகளில் ஹாரன் அடித்து, இடது ஓரத்திலேயே திரும்புங்கள். பஸ்ஸுக்கு உங்கள் பக்கமும் கொஞ்சம் தேவைப்படும்.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சம் வந்த பின், டியூட்டி இல்லாத நாளில் போங்கள். கணவர் அவருடைய வண்டியில் பின்னால் வரட்டும், ஹாரன் அடிக்காமல். பாதி மலையில் கை வலித்தால் திரும்பிவிடலாம். மழைக்காலம் தொடங்கிவிட்டது என்றால் முதல் பயணத்தைத் தள்ளிப்போட்டு, அதுவரை பஸ்ஸிலேயே போய்வாருங்கள். இரவு டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்குவதை எவ்வளவு பழகிய பிறகும் செய்யாதீர்கள், அன்றைக்கும் பஸ்தான்.