நீலகிரி மலை ரயில்: கேட்டவையும் சொன்னவையும்

மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயிலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் டிக்கெட் கேள்விகள். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சார், இது நேரோ கேஜ்தானே? பொம்மை ரயில் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? (திருப்பூர்)

இல்லை தம்பி, இது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மி.மீ. டார்ஜிலிங் பாதை 610 மி.மீ., கல்கா – சிம்லா 762 மி.மீ. அவைதான் நேரோ கேஜ். ஒரு காலத்தில் எழும்பூரிலிருந்து திருச்சிக்குப் போன வண்டிகளும் இதே மீட்டர் கேஜில்தான் ஓடின. 1992க்குப் பிறகு ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாற்றினார்கள். மலைப் பாதையை மட்டும் தொடவில்லை, தொடவும் முடியாது. அந்த வளைவுகளில் பெரிய பெட்டி திரும்பாது.

1854லேயே திட்டம் போட்டார்களாம், ஆனால் ரயில் வந்தது 1899ல் என்று படித்தேன். அவ்வளவு ஆண்டுகள் என்ன செய்தார்கள்? (ஈரோடு)

பணமும் செங்குத்தும்தான் காரணம். அடிவாரத்தில் இருக்கும் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் மலை சட்டென்று எழுகிறது. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சாதாரண இன்ஜினின் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கும். சுவிட்சர்லாந்தில் பல்சக்கரப் பாதை போட்டுப் பெயர் வாங்கிய ரிகன்பாக் 1880களில் இங்கேயும் ஒரு யோசனை சொன்னார். கம்பெனி தொடங்குவதும், காசில்லாமல் படுத்துவிடுவதுமாக ஆண்டுகள் ஓடின. 1891ல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். அந்தக் கம்பெனியும் பாதியில் நொடித்துப்போய், புதிய கம்பெனி எடுத்து நடத்தியது. 1899ல் குன்னூர் வரை வண்டி வந்தது, 1908ல் உதகை வரை. முதலில் மெட்ராஸ் ரயில்வே ஓட்டியது, பிறகு தென்னிந்திய ரயில்வே கைக்குப் போனது. இப்போது தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம்.

தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக ஒரு இரும்பு ஓடுகிறதே, அதன் வேலை என்ன? (உடுமலைப்பேட்டை)

அதுதான் ரேக். ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வடிவமைத்த முறை. உற்றுப் பார்த்தால் ஒரு பட்டை இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும்படி போட்டிருப்பார்கள். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் இதில் கடித்துக்கொண்டுதான் ஏறும். பற்கள் மாறி மாறி இருப்பதால், ஒரு பல் விடுபடும் நேரத்தில் அடுத்த பட்டையின் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும். பிடி விடும் கணம் என்று ஒன்றே கிடையாது.

ரேக் கல்லாறு தாண்டித் தொடங்கி குன்னூரில் முடிகிறது. தொடங்கும் முனையை மட்டும் ஸ்பிரிங் மேல் வைத்திருப்பார்கள். சக்கரத்தின் பல்லும் ரேக்கின் பல்லும் நேருக்கு நேர் முட்டினால், அந்த முனை சற்று அமுங்கிக்கொடுத்துப் பல்லைப் பொருத்திவிடும். அந்த இடத்தில் வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்துவிடும். பேச்சை நிறுத்திக் கவனித்தால் அடியில் ஒரு கரகரப்பு கேட்கும்.

இன்ஜினும் இதற்கென்றே செய்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டிய எக்ஸ் வகை. நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரண சக்கரங்களை ஓட்டும், இரண்டு பல்சக்கரத்தை ஓட்டும். சமவெளியில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். ரேக் வந்ததும், முதல் ஜோடியில் வேலை முடித்து வரும் நீராவியையே இரண்டாவது ஜோடிக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது.

இன்ஜின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது? முன்னால் கட்டி இழுத்தால் என்ன? (சென்னை)

இழுத்துக்கொண்டு போகும்போது நடுவில் கொக்கி அறுந்தால், பெட்டிகள் நேராகக் கல்லாற்றுக்கு உருண்டுவிடும். அதனால் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று மொத்த வண்டியையும் தாங்கிக்கொண்டு வரும்.

தள்ளும்போது லோகோ பைலட்டுக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்பவர்தான் அவருக்குக் கண். அவர் காட்டும் கொடியைப் பார்த்துத்தான் வண்டி நகரும்.

சரிவு 12க்கு 1 என்கிறார்களே, ஏறுவது அவ்வளவு கஷ்டமா? (மதுரை)

12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். ரயிலுக்கு அது சுவர் மாதிரிதான். ஆனால் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் கஷ்டமெல்லாம் இறங்குவதில் இருக்கிறது. ஏறும்போது நீராவி போதாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பிடி தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் அமைத்திருக்கிறார்கள்.

இன்ஜினிலேயே பல வகை பிரேக். கையால் சுற்றும் பிரேக், வேக்குவம் பிரேக், பல்சக்கரத்தோடு சேர்ந்த டிரம்மை இறுக்கும் பேண்ட் பிரேக். இவற்றோடு எதிரழுத்த பிரேக் என்று ஒன்று. இறங்கும்போது நீராவியை மூடிவிட்டு, சிலிண்டர்களைக் காற்றை உறிஞ்சி அழுத்தும் பம்புகளாக மாற்றிவிடுவார்கள். வண்டியின் எடை அந்தக் காற்றை அழுத்துவதிலேயே செலவாகிவிடும். காற்றை அழுத்தினால் சூடாகும் அல்லவா? அதனால் சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீரும் விடுவார்கள். பிரேக் கட்டை தேயாமல் மணிக்கணக்கில் இறங்க இதைவிட நல்ல வழி இல்லை. நூறு ஆண்டு பழைய யோசனை, இன்னும் ஓடுகிறது.

இதற்கும் மேல், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். லோகோ பைலட் கொடுக்கும் விசிலைக் கேட்டு, தன் பெட்டியின் பிரேக்கைக் கையால் இறுக்குவார், தளர்த்துவார். போட்டோவில் எல்லோரும் இன்ஜினைத்தான் எடுக்கிறார்கள். இவர்களை யாரும் எடுப்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்தக் காலத்திலும் நீராவி இன்ஜின் எதற்கு? சுற்றுலாவுக்காகவா? (நாமக்கல்)

சுற்றுலாவுக்காக மட்டும் இல்லை. குன்னூரிலிருந்து உதகைக்கு டீசல் இன்ஜின்தான் போகிறது. அங்கே சரிவு குறைவு, ரேக் கிடையாது. ஆனால் அந்த டீசலுக்குப் பல்சக்கரம் இல்லை, அதனால் கல்லாறு பக்கம் வர முடியாது. ஆகவே குன்னூரில் இன்ஜின் மாற்றம்.

பழைய இன்ஜின்கள் தளர்ந்ததும் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே புதிதாகச் செய்தார்கள், நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரிபவை. கரி இன்ஜினிலிருந்து தெறிக்கும் பொறி கோடையில் காட்டுத் தீ மூட்டும் அபாயம் உண்டு. எண்ணெயில் அந்தத் தொல்லை குறைவு. சத்தத்தில் வித்தியாசம் தெரிகிறது, கரி இன்ஜினின் சத்தமே தனி என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் காட்டை எரித்து ரசிக்க வேண்டியதில்லை.

வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது? (கரூர்)

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க. அந்த நேரத்தில் கையில் தின்பண்டம் வைத்திருக்காதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் ரயில் ரத்து என்று செய்தி வருகிறது. நிரந்தரமாகச் சரி செய்ய முடியாதா? (கோவை)

வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. கல்லாறு – குன்னூர் நடுவே பாதை முழுக்க மலையை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மேலே மண் ஊறினால் பாறையும் மரமும் தண்டவாளத்தில் வந்து விழும். ரேக் ஒரு இடத்தில் வளைந்தாலும் பற்கள் பொருந்தாது, அந்தப் பட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும். 2009 நவம்பர் மழையில் மலையே பல இடங்களில் சரிந்து, பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள், தண்ணீர் வடிய வழி செய்கிறார்கள். முழுத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் டிக்கெட் எடுத்திருந்தால், கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

யுனெஸ்கோ அங்கீகாரம் எப்போது? (தஞ்சாவூர்)

2005 ஜூலை. டார்ஜிலிங்குக்கு 1999லேயே கிடைத்திருந்தது, அதன் நீட்சியாக இதைச் சேர்த்தார்கள். 2008ல் கல்கா – சிம்லாவும் சேர்ந்தது.

டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது? (பலர்)

காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டிக்குத்தான் எல்லோரும் முட்டிமோதுகிறார்கள். 46 கி.மீ. ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருபவர்களும் இதைத்தான் பிடிப்பார்கள். முன்பதிவு திறக்கும் நாளிலேயே போட்டால்தான் உண்டு. கிடைக்காதவர்கள் குன்னூர் – உதகை மட்டும் போவார்கள். அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக அழகான பாதைதான், ஆனால் ரேக்கைப் பார்க்க முடியாது.

என் யோசனை: உதகைக்குப் பஸ்ஸில் ஏறிப் போய், பிற்பகலில் இறங்கும் வண்டிக்கு முயலுங்கள். சுமார் மூன்றரை மணி நேரம்தான், சிறு பிள்ளைகளும் சலிக்காமல் வருவார்கள். இன்ஜின் முன்னால் இருக்கும் என்பதால் முதல் பெட்டியிலிருந்து பாதை தெரியாது. பரவாயில்லை, பிரேக்ஸ்மேனுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதா பாருங்கள்.