சக் பெர்ரி பாட்டுகளை எங்கள் பேண்ட் சுரம் பிசகாமல் வாசித்தாலும் 1950களின் ராக் அண்ட் ரோல் போலக் கேட்பதில்லையே, கிட்டார் ஒலியை மாற்ற என்ன பெடல் வாங்கலாம்?

பெடல் வேண்டாம். கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு டிரம்மரைக் கூப்பிடுங்கள். கோளாறு அநேகமாக அங்கேதான் இருக்கும்.

1958 ஜனவரியில் செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கிட்டாரை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் தடவை ஃப்ரெட் பிலோவின் டிரம்ஸை மட்டும். கிட்டார் ஒவ்வொரு அடியையும் சரிபாதியாக வெட்டுகிறது: தக, தக, தக, தக. டிரம்ஸோ அதே அடியை மூன்றாகப் பிரித்து நடுவில் உள்ளதை விழுங்கிவிடுகிறது. ‘தகிட’ என்பதில் ‘கி’யைச் சொல்லாமல் ‘த–ட, த–ட’ என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் ஷஃபிள். இந்த இரண்டும் ஒரே பாட்டில், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் ஓடுகின்றன. என்னைக் கேட்டால் ராக் அண்ட் ரோல் என்பதே இந்த உரசல்தான். எது முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்ற சண்டையில் எனக்கு அவ்வளவாக ஆர்வம் இல்லாததற்கும் இதுவே காரணம்.

ராக் அண்ட் ரோலுக்கு முன்னோடியான 1940களின் துள்ளல் நடை ஜம்ப் புளூஸ் பெரும்பாலும் ஷஃபிள். 1960களின் நடுவில் இந்த இசை இங்கிலாந்துக் குழுக்களின் கைக்கு வந்தபோது பெரும்பாலும் சரிபாதி நடை. இடைப்பட்ட சில ஆண்டுகளில்தான் இரண்டும் ஒரே அறையில் இருந்தன. இன்றைய பேண்டுகள் பலவும் பழைய பாட்டுகளை அந்த இங்கிலாந்துப் பதிப்புகளின் வழியாகவே கற்றுக்கொள்வதால் உரசலின் ஒரு பக்கம் தொலைந்துபோகிறது.

ஷஃபிளிலிருந்து சரிபாதிக்கு மாற்றம் நடந்த இடங்களில் முக்கியமானது நியூ ஆர்லியன்ஸ். அங்கே காஸிமோ மட்டாஸாவின் ஜே அண்ட் எம் ஸ்டுடியோவில் வாசித்த டிரம்மர் எர்ல் பாமர். 1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டாமினோவின் ‘தி ஃபேட் மேன்’ பதிவானபோது இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும் ஸ்னேரை (சுள்ளென்று ஒலிக்கும் சிறு டிரம்மை) பாட்டு முழுக்க விடாமல் அடித்தவர் அவர். 1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்ட் அதே ஸ்டுடியோவுக்கு வந்தார். பியானோவில் அவருடைய வலது கை ஒரு பாருக்கு, அதாவது நான்கு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு, எட்டுத் தட்டு என்று சரிசமமாக இடிக்கும். அதற்கு எதிராக ஷஃபிளைப் பிடித்துக்கொண்டிருப்பது கஷ்டம் என்பதால் அவர் கையோடு தானும் சேர்ந்துகொண்டதாகப் பாமர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த இசையின் வரலாற்றைக் கிட்டார்காரர்களின் வரலாறாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாமரின் கைகளுக்கு அதில் பாதி இடமாவது கொடுத்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ‘டூட்டி ஃப்ரூட்டி’யை முதலில் ரிச்சர்ட் குரலிலும் பிறகு அதை மறுபடி பாடிய பாப் பாடகர் பேட் பூன் குரலிலும் கேளுங்கள். அமெரிக்க பாப் தரவரிசையில் மேலே போனது பூனின் பதிப்புதான். ஆனால் அதில் தாளம் கைகட்டி நிற்கிறது.

பயிற்சிக்கு வருவோம். முதலில் டிரம்ஸும் கிட்டாரும் மட்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 அடியில் வையுங்கள். மூடிய ஹை-ஹேட் சிம்பலிலோ ரைடு சிம்பலிலோ ஷஃபிள், ஸ்னேர் இரண்டாவது, நான்காவது அடிகளில், காலால் அடிக்கும் கிக் டிரம் நான்கு அடியிலும் மிக லேசாக. கிக் தனியாகக் காதில் விழுந்தால் அது அதிகம். டிரம்ஸ் நிலைத்த பிறகு கிட்டார் சேரட்டும்: பாருக்கு எட்டுத் தட்டு, எட்டும் சரிசமம், எட்டும் கீழ்நோக்கி. பத்துப் பத்தாக ஏற்றி 168 வரை வாருங்கள். ‘ஜானி பி. குட்’டின் வேகம் ஏறக்குறைய அதுதான். 140 தாண்டும்போது யாராவது ஒருவர் சரணடைவார். டிரம்மர் சரணடைந்தால் நீங்கள் 1970களின் ஹார்ட் ராக் பேண்டாகிவிடுவீர்கள். கிட்டார்காரர் சரணடைந்தால் வெறும் புளூஸ் ஷஃபிள். இரண்டில் எது நேர்ந்தாலும் வேகத்தில் 10 இறங்கி மறுபடி தொடங்குங்கள். வேகம் கூடக்கூட டிரம்மரின் ‘த–ட’ தானாகவே கொஞ்சம் இறுகும். அது தவறல்ல, பழைய பதிவுகளிலும் அப்படித்தான். நான்கு பாருக்கு ஒருமுறை கிராஷ் சிம்பல் அடிக்கும் பழக்கம் இருந்தால், சிம்பலையே கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்தது பேஸ். ‘ஜானி பி. குட்’ பதிவில் வாசித்தவர் வில்லி டிக்ஸன். கருவி, நிற்கவைத்து வாசிக்கும் டபுள் பேஸ். உங்கள் பேஸ்காரர் மூல சுரத்தை எட்டு எட்டாகத் தட்டினால் டிரம்மரின் ஷஃபிளைக் கொன்றுவிடுவார். அடிக்கு ஒரு சுரம் போதும். அந்தப் பாட்டின் சுருதியான பி ஃப்ளாட்டில் என்றால் பி ஃப்ளாட், டி, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், ஜி, எஃப், டி என்று இரண்டு பார் நடக்கலாம். பேஸ் கிட்டார்தான் இருக்கிறதென்றால் ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான சுற்றுள்ள) கம்பி போடுங்கள், பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள், டோனைக் குறையுங்கள். ஒரு சுரம் அடுத்தது வருவதற்குள் சாக வேண்டும்.

பி ஃப்ளாட் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். வசதிக்காக ஏ-வில் வாசிப்பவர்களுக்குத் விரல் வைக்காத திறந்த கம்பிகள் நீண்டு ஒலித்து, திரும்பத் திரும்ப வரும் ரிஃப் கொழகொழத்துவிடும். ஆள்காட்டி விரல் ஆறாவது கம்பியின் 6ஆம் ஃபிரெட்டில், மோதிர விரல் ஐந்தாவது கம்பியின் 8இல், சுண்டு விரல் அதே கம்பியின் 10க்கு எட்டிப் போய்த் திரும்ப வேண்டும். முதல் சில நாள் வலிக்கும். மணிக்கட்டை இறக்கி, கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவில் வைத்தால் எட்டும்.

கிட்டார் ஒலி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சின்ன வால்வ் ஆம்ப், ஓங்கி அடித்தால் மட்டும் ஒலி லேசாக உடையும் அளவுக்கு கெயின் (உள்ளே வரும் ஒலியின் பெருக்கம்). அன்றைய கம்பி தடிமன், மூன்றாவது கம்பியும் சுற்றப்பட்டது. அதனால் அதை வெகுதூரம் வளைக்க முடியாது. இன்றைய மெல்லிய 9ஆம் எண் கம்பியில் வளைவு எளிதில் எல்லை தாண்டிவிடும். குறைந்தது 11க்குப் போங்கள். பேண்டில் பியானோ இல்லையென்றால் இரண்டாவது கிட்டார் அதே ரிஃபை இரட்டிக்க வேண்டாம். மேல் மூன்று கம்பிகளில் சின்னக் கார்டுகளாகப் பியானோவின் இடத்தை நிரப்பட்டும்.

எக்கோ பெடல் வாங்கச் சொல்லி யாராவது கட்டாயம் சொல்வார்கள். அது மெம்ஃபிஸ் சமாசாரம். யூனியன் அவென்யூ 706இல் ஸ்டுடியோ வைத்திருந்த சாம் ஃபிலிப்ஸ் டேப் இயந்திரத்தை வைத்துச் செய்த வித்தை: பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே 2 அங்குலம், டேப் வினாடிக்கு 15 அங்குலம் என்றால் தாமதம் 133 மில்லிவினாடி. 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி அங்கே பதித்த முதல் சிங்கிளில் டிரம்ஸே கிடையாது. பில் பிளாக் டபுள் பேஸ் கம்பியை விரல்பலகையில் அறைவதே தாளம். அந்த வெட்டவெளிக்கு எக்கோ பொருந்தும். சக் பெர்ரி ரிஃபில் 168 வேகத்தில் பாதி அடி 179 மில்லிவினாடி. எக்கோ அதற்குச் சற்று முன்னால் வந்து விழுவதால் அடுத்த அடியின் முனை மழுங்கிவிடும். எல்விஸ் பாட்டு வாசிக்கும்போது தாமதம் 130 மில்லிவினாடி, ஒரே ஒரு திரும்பல், ஃபீட்பேக் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் அணைத்துவிடுங்கள்.

ஒத்திகையைப் பதிவு செய்வதென்றால் அறையில் ஒரே மைக் வையுங்கள், பாடகருக்கு நேர் எதிரே. டிரம்ஸ் குரலை மூடினால் டிரம்ஸைப் பின்னுக்குத் தள்ளுங்கள், பேஸ் காணாமல்போனால் பேஸ் ஆம்பை முன்னுக்கு இழுங்கள். இரண்டு மூன்று தடவை இடம் மாற்றினால் சமன் வந்துவிடும்.