நிறுத்தச் சொன்னது எந்தப் பயிற்சியை?

கேள்வி: அமெரிக்காவில் கலிஃபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களில் அலுவலகங்கள் உள்ள, ஏறத்தாழ 200 பேர் பணிபுரியும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வருமானத்தில் ஒரு பகுதி மத்திய அரசு ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. அதிபர் டிரம்பின் 2025 ஆணைகளைக் காட்டி, வெவ்வேறு இனத்தார், பாலினத்தாருடன் சமமாகப் பழகக் கற்பிக்கும் பன்முகத்தன்மைப் பயிற்சியையும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியையும் சேர்த்தே நிறுத்திவிடலாம் என்கிறார் எங்கள் இயக்குநர். நிறுத்தினாலும் நடத்தினாலும் வழக்கு வரும்போல் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் இயக்குநர் இரண்டு வெவ்வேறு பயிற்சிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வாசலுக்கு வெளியே வைக்கப் பார்க்கிறார். அவற்றில் ஒன்றை நடத்தியே தீர வேண்டும் என்பது உங்கள் இரு மாநிலங்களின் சட்டம்.

2025 ஜனவரி 21 அன்று வெளியான 14173 எண் ஆணை, அரசு ஒப்பந்ததாரர்களுக்காக 1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்திருந்த, வேலையில் சம வாய்ப்பை வலியுறுத்திய 11246 எண் ஆணையை நீக்கியது. பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை மீறும் பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் தாங்கள் நடத்தவில்லை என ஒப்பந்ததாரர்கள் உறுதியளிக்க வேண்டும் என்றும் கூறியது. இங்கே ‘சட்டத்தை மீறும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். தனியார் நிறுவனங்கள் பன்முகத்தன்மைப் பயிற்சி நடத்தவே கூடாது என்று அந்த ஆணை கூறவில்லை. வேலையில் இனம், பால் போன்றவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க நாடாளுமன்றம் இயற்றிய 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தை அதிபரின் ஆணையால் மாற்றவும் இயலாது.

துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியை முதலில் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு மணி நேரமும் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரமும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பயிற்சியை அளித்தாக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். பாலின அடையாளம், பாலியல் நாட்டம் ஆகியவற்றின் பெயரால் நடக்கும் துன்புறுத்தலும் அந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்வதால், வாஷிங்டனின் காற்று மாறிவிட்டது என்று அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட முடியாது. நியூயார்க்கில் இப்பயிற்சி ஆண்டுதோறும் நடக்க வேண்டும்; ஊழியர்கள் கேள்வி கேட்டுப் பங்கேற்கும் வகையில் அமைய வேண்டும். காணொளியை ஓடவிட்டு ஒரு கையெழுத்து வாங்குவது போதாது.

டெக்சாஸில் தனியார் நிறுவனங்களுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. ஆனாலும் அங்கே மட்டும் நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். மேற்பார்வையாளர் ஒருவரின் துன்புறுத்தல் பணிநீக்கம், பதவியிறக்கம் போன்ற நடவடிக்கையில் முடியாத நிலையில், அதைத் தடுக்கவும் திருத்தவும் தக்க கவனம் எடுத்ததாகவும், பாதிக்கப்பட்டவர் அந்த வாய்ப்புகளைத் தகுந்த காரணமின்றிப் பயன்படுத்தவில்லை என்றும் நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து தப்பலாம் என உச்ச நீதிமன்றம் 1998இல் ஃபராகர், எல்லர்த் வழக்குகளில் வகுத்தது. முறையான பயிற்சி அந்தக் கவனத்துக்கு முக்கியமான சான்று. ‘ஆணை வந்ததால் நிறுத்தினோம்’ என்ற விளக்கம் அந்த வாதத்துக்கு உதவாது.

பன்முகத்தன்மைப் பயிற்சியில் ஆபத்து அதன் தலைப்பில் இல்லை, உள்ளடக்கத்தில்தான் இருக்கிறது. தலைப்பை ‘இணக்கப் பயிற்சி’ என்று மாற்றிவிட்டுப் பழைய பக்கங்களையே காட்டும் நிறுவனங்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கின்றன. பணியிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட விளக்கக் குறிப்பு, சூழலைப் பொறுத்து இத்தகைய பயிற்சியே பகைமையான பணிச்சூழல் என்ற புகாருக்கு அடிப்படையாகலாம் என்கிறது. ஒரே பாடமாக இருந்தாலும் ஊழியர்களை இனவாரியாகவோ பால்வாரியாகவோ பிரித்து அமர்த்துவதும் சட்டமீறலாகலாம் என்கிறது. பெரும்பான்மைப் பிரிவினர் வழக்குத் தொடுத்தால் கூடுதல் சான்று காட்ட வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருப்பதையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள்.

எனவே, ஓர் இனத்தாரையோ பாலினத்தாரையோ பிறவியிலேயே குற்றவாளிகளாகவோ ஆதிக்கக்காரர்களாகவோ சித்திரிக்கும் வரிகளை நீக்குங்கள். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, சக ஊழியர் அவமதிக்கப்படும்போது குறுக்கிடுவது எனச் செயலைக் கற்பிக்கும் பகுதிகள் இருக்கட்டும். பயிற்சி பாகுபாடானது என்று நியாயமாக நம்பி எதிர்ப்புத் தெரிவிக்கும் ஊழியரின் செயல் சட்டப் பாதுகாப்புக்கு உரியதாகலாம். ‘ஒத்துழைக்காதவர்’ என்று அவரைப் பற்றி மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் எழுதினால், பயிற்சியால் வராத வழக்கு அந்த ஒரு வரியால் வந்துவிடும். இதை மேலாளர்களிடம் நீங்கள் நேரில் சொல்ல வேண்டும்.

பாடப் பக்கங்களில் ஆணையத்தின் வழிகாட்டுதல்களுக்குப் பதிலாகச் சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் மேற்கோள் காட்டுவது என் விருப்பம். துன்புறுத்தல் பற்றி 2024இல் வந்த வழிகாட்டுதலில் பாலின அடையாளம் குறித்த பகுதிகளை டெக்சாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் ஒன்று 2025 மே மாதத்தில் ரத்து செய்தது. ஆனால், பாலியல் நாட்டம், பாலின அடையாளம் காரணமாகப் பணிநீக்கம் செய்வதும் பால்வழிப் பாகுபாடே என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டு பாஸ்டாக் தீர்ப்பை அந்த நீதிமன்றத்தால் ரத்து செய்ய முடியாது. வருகைப் பதிவு, தேதி, பயன்படுத்திய பாடம் ஆகியவற்றைக் கலிஃபோர்னியா விதிகளின்படி இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பாடம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் பழைய வடிவத்தையும் சேர்த்தே வையுங்கள்.

கடைசியாக, அந்த ஒப்பந்த உறுதிமொழியில் கையெழுத்திடப்போவது யார் என்று இயக்குநரிடம் கேளுங்கள். அது பொய்யானால், அரசிடம் பொய் சொல்லிப் பணம் பெறுவதைத் தண்டிக்கும் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் இழப்பீடு மும்மடங்காகலாம். ஆகவே திருத்திய பாடங்களை அரசு ஒப்பந்தச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அந்தக் கையெழுத்து விழட்டும்.