விஞ்ஞானிகள் ஏற்காத கண்டுபிடிப்பைப் பத்திரிகையில் எழுதலாமா? நம்பகத்தன்மை போய்விடாதா?

தாராளமாக எழுதலாம். நாம் எழுதாவிட்டால் வாட்ஸ்அப்பில் வருவதுதான் மக்களுக்கு மிஞ்சும். ஆனால் 'அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் அறிவியல் செய்திகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தண்ணீரில் எஞ்சின் ஓட்டிவிட்டேன் என்று யாராவது எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள். அம்பத்தூரில் அப்படி ஒருவரின் பட்டறைக்குப் போயிருக்கிறேன். எஞ்சின் ஓடியது. பக்கத்துச் சுவரில் அவரைப் பற்றி வந்த செய்திகளை லேமினேட் செய்து வரிசையாக மாட்டியிருந்தார். பணம் போட வந்தவர்களுக்கு முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டினார். "பேப்பர்லயே போட்டிருக்காங்க சார்." அந்தச் செய்திகள் ஒன்றில்கூட ஒரு பேராசிரியரின் கருத்து இல்லை. தலைப்பில் 'சாதனை' என்று போட்டு, பின்னால் ஒரு கேள்விக்குறி. அதோடு பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறதோ, அவற்றை மறுபடி எரித்தால் அதற்கு மேல் கிடைக்காது. நடைமுறையில் குறையத்தான் செய்யும். அப்படியென்றால் எஞ்சின் எதில் ஓடுகிறது? ஐஐடியிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ ஒருவருக்குப் போன் போட்டால் விளக்கிவிடுவார்கள். அந்த விளக்கம் செய்தியின் முதல் பத்தியிலேயே வரவேண்டும். கடைசிப் பத்தியில் வைத்தால், இடம் பற்றவில்லை என்று செய்தியைத் திருத்தும் டெஸ்கில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

சரி, சொல்பவர் டாக்டராக இருந்தால்? 1998-இல் பிரிட்டிஷ் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை 'லான்செட்' என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பியது அதுதான். பிரிட்டிஷ் பத்திரிகைகள் பல, இரு தரப்பையும் சமமாகப் போடுகிறோம் என்று வருடக்கணக்கில் எழுதின. ஒரு பக்கம் 12 குழந்தைகள், மறுபக்கம் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்து, தொடர்பு இல்லை என்று சொன்ன ஆய்வுகள். இரண்டுக்கும் சம இடம் கொடுத்தால், இரண்டும் ஒரே எடை என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

இந்த மாதிரிப் பயம் எப்படிப் பரவும் என்று நாமும் பார்த்தோம். 2017-இல் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வதந்தியை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் பலர். முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று.

வேக்ஃபீல்டின் கட்டுரையை உடைத்ததும் ஒரு பத்திரிகையாளர்தான். பிரையன் டீர் 2004-இல் எழுதத் தொடங்கினார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குப் போடவிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போயிருந்ததை வெளிக்கொண்டு வந்தார். பிறகு, கட்டுரையில் இருந்ததும் குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். 2010-இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆறு வருடம் ஒரே செய்தியின் பின்னால் போக அவரை விட்டார்கள். இங்கே ஆறு வருடம் வேண்டாம், சோதனை முடிவு வரும்வரை செய்தியை நிறுத்திவைக்கலாம் என்று எடிட்டர் சொன்னாலே எங்கள் வேலை பாதி சரியாகிவிடும்.