கும்பகோணத்தில் பாத்ரூமைப் புதுப்பிக்க பிளான் அப்ரூவல் வேண்டுமா? மேஸ்திரியிடம் என்ன எழுதி வாங்குவது?

இருக்கிற சுவருக்குள்ளேயே டைல்ஸ், பைப், கழிப்பறைக் கோப்பை மாற்றுவதற்கு அனுமதி தேவையில்லை. மறுபூச்சு, தரை மாற்றுதல் போன்ற வேலைகளை தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. கொல்லைப்புறத்தில் புது அறை எழுப்பினால்தான் மாநகராட்சியில் வரைபட அனுமதி. பாதாளச் சாக்கடை இணைப்புக்குத் தனி விண்ணப்பம். கழிவை வாய்க்காலில் விடுவது குற்றம், யார் விட்டாலும்.

தகராறு வருவது ஒப்பந்தத்தில்தான். ‘மொத்தமாகப் பார்த்துக்கலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேபர் மட்டுமா, மெட்டீரியலோடா, பழைய டைல்ஸ் உடைத்த ரப்பிஷை யார் அள்ளுவது என்று எழுதுங்கள். அளவையும் எழுதுங்கள்: 5×7 அடி அறை, 7 அடி உயரம் என்றால் சுவர் 168 சதுர அடி, கதவு கழித்து சுமார் 150. 12×18 அங்குல டைல் 100, சேதாரத்துக்கு இன்னும் 10.

பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள். இரண்டாவது தவணை, வாட்டர்ப்ரூஃபிங் முடித்து டிரெயினை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான். கீழே ஈரம் கசிந்தால் அப்போதே தெரியும். டைல்ஸ் ஒட்டியபின் தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்கவேண்டும். டெல்டா களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும்; கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழி தண்ணீரை வாங்காது. குழி வேலையைச் சித்திரை, வைகாசியில் முடிக்கத் தேதி போடுங்கள்.